அறுபதாம் நம்பர் சல்லடை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் தெரியும். என்னைக் கட்டியவருக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். தெரிந்திருந்தும் அந்த மனுஷன் செய்த காரியத்தைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, யாருக்குத்தான் கோபம் வராது என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஜூட்சன். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சல்லடை அறையில் வேலை. காய்ந்த தேயிலையைச் சலித்து, பெரியது, நடுத்தரம், டஸ்ட் என்று பிரிக்கிற இடம் அது. காதிலும் மூக்கிலும் தேயிலைத் தூளோடுதான் வீட்டுக்கு வருவார். நான் பிரேமினி. ரோட்டுக்கு மேலே இருக்கிற பள்ளிக்கூடத்தில் தரம் பத்துக்கும் பதினொன்றுக்கும் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அவர் ஓ.எல். பரீட்சையில் கணிதத்தில் இரண்டு தடவை கோட்டை விட்டவர். அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். மற்றவர்கள் சொன்னால் முகம் சுண்டிப்போகும்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. சாயங்காலம் நான் பிள்ளைகளின் விடைகளைத் திருத்த உட்கார்ந்தால், அவரும் தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து உட்காருவார். விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் பிள்ளைகள் எழுதியிருக்கிற அளவுகளை நான் வாசித்து, "இருக்குமா, இருக்காதா?" என்று கேட்க வேண்டும். பத்தின் வலுவில் அந்த மறைக் குறியை, அந்த மைனஸ் கோட்டை, கண்டாலே அவருக்குக் கண்ணைக் கட்டும். அதனால் மில்லிமீற்றர், சென்டிமீற்றர் என்று மாற்றிச் சொல்வேன். உடனே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்த அளவுக்கு விரித்துக் காட்டுவார். அளவு கொஞ்சமும் பிசகாது. பிறகுதான் தீர்ப்பு.

"எறும்பு. ஆறு பெருக்கல் பத்தின் வலு மறை ஒன்று மீற்றர். அதாவது அறுபது சென்டிமீற்றர். இருக்குமா, இருக்காதா?"

"அறுபதா! அந்த எறும்பு பீலியடிக்கு வந்துச்சுன்னா, தண்ணி புடிக்கிற மீனம்மாக்காவ குடத்தோட தூக்கிட்டுப் போயிரும். இருக்காது புள்ள. பெரிய முட்டையா போடு."

போன தவணைப் பரீட்சையில் நானே மாட்டிக்கொண்டேன். கேள்வித் தாளில் மனிதத் தலைமுடியின் தடிப்பு 8 × 10⁻³ மீற்றர் என்று எழுதி, அதை அவருக்கு வாசித்தும் காட்டினேன். எட்டு மில்லிமீற்றர் என்று வாயால் சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. மனுஷன் விரலை விரித்துப் பார்த்தார். என் பின்னலைப் பார்த்தார். "இது முடியா, மாட்டுக் கயிறா?" என்றார். மறை ஐந்து போட வேண்டிய இடத்தில் மறை மூன்று போட்டிருக்கிறேன்! அன்றைக்கு வந்த கோபத்தில் அவருக்குச் சோறு போடாமல் விட்டிருப்பேன். ஆனால் அந்த விஷயத்தை அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வேறு ஆளாக இருந்தால் மறுநாள் பெரட்டுக்கு வேலைக்காரர் எல்லாம் கூடுகிற நேரத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

இந்த வருஷம் நான் உண்டாகியிருந்தேன். ஐந்தாம் மாதம். இதற்கு முன் ஒன்று தங்காமல் போனது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை. பேசாவிட்டாலும், நான் படியிறங்கும்போதெல்லாம் அவர் கை என் முழங்கைக்கு வந்துவிடும்.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "தண்ணிய நல்லா கொதிக்க வச்சுக் குடிங்க டீச்சர். கீழ்ப் பிரிவுல காமாலை வந்திருக்கு. வயித்துல புள்ளையோட இருக்கறவங்களுக்கு அது ரொம்பக் கூடாது."

சொல்வது சுலபம். எங்கள் வீட்டில் விறகடுப்பு. கரண்டுக் கேத்தல் போட்டால் லயம் முழுக்க ஃபியூஸ் போய்விடும். ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். பக்கத்து வீட்டு மீனம்மாக்கா டிவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. கரண்டு போனதும் அவர் எங்கள் வாசலில் வந்து நின்று ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு அந்தக் கேத்தல் பரணிலேயே கிடக்கிறது. ஆக, விறகில் கொதித்த தண்ணீர்தான். அதில் புகை வாசம். அந்த நேரத்தில் எனக்குப் புகை வாசம் என்றாலே குடலைப் பிரட்டும். ஒரு மிடறு உள்ளே போனால் இரண்டு மிடறு வெளியே வரும். ஜூட்சன் என் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பார். வாந்தி எடுக்கிற எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல், அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். பாவம், அந்த முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை, தோளில் ஒரு நீலப் பீப்பாயோடு வந்து சேர்ந்தார். சிரிப்பு காதுவரைக்கும் இருந்தது.

"இனிமே நீ அந்தப் புகைத் தண்ணியக் குடிக்கவே வேணாம் புள்ள."

பீப்பாய்க்குள்ளே மேலே கூழாங்கல், அதற்குக் கீழே கழுவிய கரி, அடியில் மரச்சட்டம் அடித்த நாலு சல்லடைத் தட்டு, கடைசியில் ஒரு பைப். மேலே ஊற்றினால் கீழே வரும்.

"டீமேக்கர் ஐயாகிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். கழிச்சுப் போட்ட வலை, ஆனா ஒரு எழைகூட அறுந்து போகல. அறுபதாம் நம்பர்! டஸ்டு சலிக்கிறது. ஒரு இன்ச்சுக்கு அறுபது ஓட்ட."

"அதுல கிருமி நிக்குமாங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஒரு தட்டுல நிக்காது. எனக்குத் தெரியாதா? அதான் நாலு போட்ருக்கேன். ஒண்ணு அறுபது. ரெண்டு போட்டா நூத்தி இருவது. நாலுக்கு எரநூத்தி நாப்பது! எரநூத்தி நாப்பதாம் நம்பர் சல்லட கொழும்புலகூட கெடைக்காது. கிருமி என்ன, அதோட நெழல்கூட வராது."

இந்தத் தப்பை ஸ்டோரில் வேலை செய்கிறவர் மட்டும்தான் செய்ய முடியும். அங்கே மெஷினில் சல்லடைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். மேல் தட்டில் பெரிய இலை நிற்கும். தட்டுக்குத் தட்டு கீழே போகப் போகத் தூள் பொடியாகும். நாள் முழுக்க அதையே பார்க்கிற கண், தட்டு கூடினால் ஓட்டை சிறுக்கும் என்றுதான் நினைக்கும். அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் நம்பர் மாறுகிறது, இங்கே நாலும் அதே அறுபது என்பது அவருக்குத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் யாருக்கு என்ன தோன்றும்?

முதல் கிளாஸை எனக்குத்தான் நீட்டினார். கண்ணாடி மாதிரித் தண்ணீர். புகை வாசமே இல்லை. நான் கிளாஸைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார். என் மண்டைக்குள் கணக்கு தானாக ஓடியது. அறுபதாம் நம்பர் ஓட்டை கால் மில்லிமீற்றர். 2.5 × 10⁻⁴. பற்றீரியா பத்தின் வலு மறை ஆறு. வைரசு மறை எட்டு. ஐயோ மாதாவே, இவரிடம் இதை எப்படிச் சொல்வேன்?

"தலைய சுத்துதுங்க. வெளிய காத்தாட நின்னு குடிக்கிறேன்" என்று இஸ்தோப்புக்கு வந்தேன். வீட்டு முன்பக்கத்தில் என் ரோஜாத் தொட்டி இருந்தது. அதில் ஊற்றினேன். உள்ளே போய், "நல்லா இருக்குங்க" என்றேன்.

அவர் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சின்னப் பிள்ளை தோற்றுப்போகும்.

வாரம் முழுக்க இப்படியே போனது. நான் பள்ளிக்கூடத்தில் ஆயா கொதிக்க வைத்த தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து ஒளித்து வைத்துக் குடித்தேன். அவருக்கு ஆபத்தில்லை. ஸ்டோர்க்காரருக்குப் பச்சைத் தண்ணீர் தொண்டையில் இறங்காது, தேத்தண்ணிதான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். மறுநாள் அவர் விசிலடித்துக்கொண்டு கரியைக் கழுவிக்கொண்டிருப்பார். கணிதத்தில் கோட்டை விட்ட மனுஷன், அறுபதையும் அறுபதையும் கூட்டித் தன் பெண்டாட்டிக்கு ஒரு காரியம் செய்திருக்கிறார். அதைப் போய் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரையெல்லாம் திட்டுகிற வாய், இதற்கு மட்டும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடம்புக்கு முடியாததால் நான் பூசைக்குப் போகாமல் படுத்திருந்தேன். வெளியே ஒரே சத்தம். எழுந்து வந்து பார்த்தால், எங்கள் வாசலில் குடமும் வாளியுமாக வரிசை! பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஜூட்சன் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"வா டீச்சர்," என்றார் மீனம்மாக்கா. "ஒன் புருஷன் இனிமே சும்மா ஜூட்சன் இல்ல. இஞ்சினியரு! ஈர வெறக ஊதி ஊதி எனக்கு நெஞ்சே போச்சு. நேத்துல இருந்து அந்தத் தொல்ல இல்ல. இதத்தான் அப்படியே பச்சத் தண்ணியா குடிக்கிறோம். சின்னவளுக்கும் இதத்தான் குடுத்தேன்."

எனக்குப் பகீர் என்றது. கீழ்ப் பிரிவில் காமாலை. எங்கள் பீலிக் குழாய்க்கும் அதே ஓடையிலிருந்துதான் தண்ணீர் வருகிறது.

"அக்கா, எதுக்கும் கொதிக்க வச்சே குடிங்க."

"அடியாத்தே! கட்டுன புருஷன்மேல ஒனக்கே நம்பிக்கை இல்லையா?"

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஜூட்சனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு கிளாஸ் பிடித்து, "எங்க வீட்டு டீச்சருக்குத்தான் மொதல்ல" என்று என்னிடம் நீட்டினார். அத்தனை பேருக்கு முன்னால் நான் என்ன சொல்வேன்? அவர்கள் போகட்டும், இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று கிளாஸை வாங்கிக்கொண்டேன். கடைசிக் குடமும் போனது. ஜூட்சன் பீப்பாயை மூட உள்ளே போனார். நான் பழக்கதோஷத்தில் ரோஜாத் தொட்டியில் சாய்த்துவிட்டுத் திரும்பினேன். வாசற்படியில் அவர் நிற்கிறார்.

தொட்டி நிரம்பித் தண்ணீர் இஸ்தோப்பில் ஓடியது. அவர் அதைப் பார்த்தார். ரோஜாவைப் பார்த்தார். ஒரு வாரத்தில் அது துளிர் விட்டு மதமதவென்று நின்றது.

"எத்தன நாளா?"

"மொத நாள்ல இருந்து."

"ஒரு சொட்டுகூட குடிக்கலயா?"

நான் வெறும் கிளாஸைத் தரையில் வைத்தேன்.

"லயமே குடிக்குது. யாருக்காகச் செஞ்சேனோ அவ மட்டும் குடிக்கல" என்றார். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னார். என்னால் தாங்க முடியவில்லை.

"ஆமா, குடிக்கல! குடிக்க மாட்டேன்! குடிச்சா வயித்துல இருக்கறது..." அதற்கு மேல் வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கோபத்தில் கத்துவேனே தவிர அழுகிறவள் இல்லை. அவர் பயந்துபோய் என் கையைப் பிடித்தார்.

"உட்காருங்க," என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இருக்குமா, இருக்காதா ஆடுவோம்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

பள்ளிக்கூடச் சோக்கட்டி என் கைப்பையில் எப்போதும் இருக்கும். இஸ்தோப்பின் சிமெந்துத் தரையில் உட்கார்ந்து, காய்ந்த இடமாகப் பார்த்து எழுதினேன். 2.5 × 10⁻⁴ மீற்றர்.

"கால் மில்லிமீற்றர். உங்க அறுபதாம் நம்பர் சல்லட ஓட்ட. இருக்குமா?"

விரலைச் சேர்த்து, ஒரு மயிரிழைக்குப் பிரித்துப் பார்த்தார். "இருக்கும். கம்பி போக அவ்வளவுதான் வரும்."

அதற்குக் கீழே 2 × 10⁻⁶ என்று எழுதினேன். "இது வயித்தோட்டம் குடுக்கற ஒரு பற்றீரியாக் கிருமி."

அவர் இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் தெளிந்தது. "நாலு, ஆறு. ரெண்டுதானே புள்ள வித்தியாசம்? முப்பதாம் நம்பருக்கும் முப்பத்திரெண்டாம் நம்பருக்கும் என்ன பெரிய வித்தியாசம் இருக்கு? நாலு தட்டு தாராளமாப் போதும்."

"சல்லட நம்பர் மாதிரி இல்லங்க இது. ஒரு படி எறங்குனா பத்துல ஒண்ணு. இன்னொரு படி எறங்குனா அதுலயும் பத்துல ஒண்ணு. ரெண்டு படிக்கு நூறுல ஒண்ணு. விரல்ல காட்டுங்க பாப்போம்."

காட்டப் பார்த்தார். எந்த அளவையும் விரலில் பிடித்துவிடுகிற மனுஷனால் இதைப் பிடிக்க முடியவில்லை. விரல் இரண்டும் ஒட்டியே இருந்தன. அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனாலும் இனி நிறுத்தக் கூடாது.

"சரி, சின்னதா வேணாம். எல்லாத்தையும் பெருசாக்குவோம். ஸ்டோர் கேட்டு எவ்வளவு அகலம்?"

"லொறி போற கேட்டா? அஞ்சு மீற்றர்."

"உங்க சல்லட ஓட்ட ஒண்ணுதான் அந்தக் கேட்டுன்னு வச்சுக்கங்க. அப்ப இந்தக் கிருமி நாலு சென்டிமீற்றர்."

இப்போது விரல் விரிந்தது. அளவு சரியாக வந்தது. அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எலி," என்றார்.

"எலிதான். அஞ்சு மீற்றர் கேட்டுல ஒரு எலி. இப்ப காமாலைக் கிருமியப் பாருங்க." மூன்றாவது வரியில் 3 × 10⁻⁸ என்று எழுதினேன். "மறை எட்டு. இன்னும் ரெண்டு படி கீழ. அதே கேட்டுக்கு முன்னால இது அரை மில்லிமீற்றர்."

அரை மில்லிமீற்றரை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில்தான் அவருக்குச் சோறு. விரலைக்கூட விரிக்கவில்லை.

"டஸ்டு" என்றார். குரல் இறங்கிவிட்டது. "லொறி கேட்டுல ஒரு டஸ்டுத் தூளு."

நாலு கேட்டை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே தரையில் விரலால் நாலு கோடு போட்டுக்கொண்டிருந்தார், ஒன்றின் பின் ஒன்றாக. "நாலு கேட்டுன்னாலும் ஒவ்வொண்ணும் அஞ்சு மீற்றர்தான்," என்று தனக்குள்ளேயே சொன்னார். "எரநூத்தி நாப்பது ஆகாது. ஆகவே ஆகாது. நாலும் அறுபதுதான்."

"கரி வாசத்த எடுக்குது, வலை மண்ண நிறுத்துது. அதெல்லாம் உண்மைதாங்க. ஆனா..."

அவர் எழுந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த வெறும் மண்ணெண்ணெய் டின்னையும் ஒரு கட்டையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கவே கூடாதோ என்று ஒரு மனம் சொன்னது. இரகசியமாகக் காதோடு சொல்லி, இரண்டு பேருமாகப் பீப்பாய் உடைந்துவிட்டது என்று லயத்தில் கதை கட்டியிருக்கலாம். என் மாட்டுக் கயிற்றை அவர் மறைத்தார் இல்லையா, அவருடைய சல்லடையை நான் மறைக்க மாட்டேனா? மூஞ்சி கறுக்காமல் முடித்திருக்கலாமே!

பீலியடியிலிருந்து டின் அடிக்கிற சத்தம் கேட்டது. டொம், டொம் என்று. லயத்தில் செத்த வீட்டுச் செய்தி சொல்வதென்றாலும், தண்ணீர் வராது என்று சொல்வதென்றாலும் இப்படித்தான் ஆள் கூட்டுவார்கள். குடையை எடுத்துக்கொண்டு தூறலில் நடந்தேன். நான் போய்ச் சேருவதற்குள் எல்லாரும் கூடியிருந்தார்கள். கல்லின் மேல் ஏறி நின்றார் என் புருஷன். வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"நான் குடுத்த தண்ணிய எல்லாரும் கொட்டிருங்க," என்றார். "குடிக்காதீங்க. கொதிக்க வைக்காம ஒரு சொட்டும் குடிக்காதீங்க. என் சல்லட கிருமிய நிறுத்தாது. நான் போட்ட கணக்கு தப்பு."

"அப்ப இஞ்சினியர் பட்டம் போச்சாடா?" என்று பின்னாலிருந்து கந்தப்பன் அண்ணன் கத்தினார். சிலர் சிரித்தார்கள்.

"போச்சுண்ணே. கணக்குல எனக்கு இது மூணாவது தடவ" என்றார் ஜூட்சன். சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு லொறி கேட்டைச் சொன்னார், எலியைச் சொன்னார், டஸ்டுத் தூளைச் சொன்னார். நாலு கேட்டைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார். எனக்குப் பத்து நிமிஷம் எடுத்ததை அவர் இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் சிரிப்பு நின்றது.

மீனம்மாக்கா குடத்தைத் தடால் என்று வைத்தார். "அடப் பாவி! என் சின்னவளுக்குக் குடுத்தேனேடா!"

"தப்பு என்னோடதுக்கா. நாளைக்குக் காலையில நானே அவள டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன். நீங்க என்னய என்ன திட்டுனாலும் சரி."

"எலிங்கற, தூளுங்கற, இதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னது?"

"என் வீட்டுக்காரி. ஒரு வாரமா அவ ஒரு சொட்டுக் குடிக்கல. எனக்கு மனசு நோகுமேன்னு சொல்லாம செடிக்கு ஊத்திருக்கா." அவர் என்னைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சு எனக்கா, அவர்களுக்கா என்று தெரியவில்லை. "அவ புகைத் தண்ணி குடிக்க முடியாம கெடந்து வாந்தி எடுக்கறாக்கா. போன தடவ மாதிரி ஆயிருமோன்னு எனக்குப் பயம். அதுக்குத்தான் செஞ்சேன். என் கையாலேயே வயித்துல இருக்கறதுக்கு வெஷத்தக் குடுக்கப் பாத்திருக்கேன்."

மீனம்மாக்கா கல்லடிக்குப் போய் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். தன் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினார்.

"எறங்குடா பைத்தியம். மழையில நின்னுக்கிட்டு வெஷம் கிஷம்னு பேசிக்கிட்டு. இந்த லயத்துல பொண்டாட்டிக்கு ஒரு செம்புத் தண்ணி மொண்டு குடுத்த ஆம்பள எவன் இருக்கான்? நீயாச்சும் பீப்பாயத் தூக்குன." பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினார். "என்னா பாக்கறீங்க? போயி வெறகப் பொளங்க. தண்ணி கொதிக்கணும்ல?"

அன்றைக்கு எல்லாக் கூரையிலும் புகை எழும்பியது. எனக்கு வயிற்றைப் பிரட்டியது. ஆனாலும் இஸ்தோப்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மீனம்மாக்காவின் சின்னவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காமாலை தெரிவதற்கு வாரக்கணக்காகும் என்று டிஸ்பென்சரியில் சொன்னதால், ஜூட்சன் தினமும் அவளை வெளிச்சத்தில் நிறுத்திக் கண் இமையை இழுத்துப் பார்ப்பார். கடைசியில் அவள் இவரைக் கண்டாலே ஓட ஆரம்பித்தாள். பீப்பாயை யாரும் தூக்கி எறியவில்லை. அதில் 'கழுவ மட்டும்' என்று பெயின்டால் எழுதி, பீலிக்குப் பக்கத்தில் வைத்தார். மழைக்குத் தண்ணீர் செம்மண்ணாக வரும் நாட்களில் மீனம்மாக்கா அதில் பிடித்துத்தான் துணி துவைப்பார்.

என் தண்ணீருக்கும் ஒரு வழி பிறந்தது. ஸ்டோரில் டீமேக்கர் ஐயா தேயிலையை ருசி பார்க்கிற அறையில் பெரிய கரண்டுக் கேத்தல் இருக்கிறது. அதுவரைக்கும் யாருக்கும் தோன்றவில்லை. ஜூட்சன் போய்க் கேட்டார். அவர் என்ன சொல்லிக் கேட்டாரோ, எப்படி நின்று கேட்டாரோ, என்னிடம் சொல்லவே இல்லை. அன்று சாயங்காலம் சிவப்பு ஃபிளாஸ்க் ஒன்றோடு வந்தார்.

"கொதிச்சுது. கண்ணால பாத்துக்கிட்டே நின்னேன். குமிழி குமிழியா வந்துச்சு" என்றார்.

ஆற வைத்து ஊற்றிக் கொடுத்தார். புகை வாசம் இல்லை. நான் ஒரே மூச்சில் குடித்தேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். கிளாஸை வைத்ததும் வெளியே போனார்.

கதவிடுக்கால் பார்த்தேன். ரோஜாத் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டாம் கணு வரைக்கும் விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மண் ஒட்டவில்லை. காய்ந்திருந்தது.

குடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் என்மேல் நம்பிக்கை இல்லையா என்று நான் கத்தியிருக்க வேண்டும். கோபம் வரவில்லை. என்ன செய்தும் வரவில்லை. அவர் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து ரோஜாவுக்கு ஊற்றினார். ஊற்றிவிட்டு விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"இன்னொரு கிளாஸ் ஊத்தவா புள்ள?" என்று கேட்டார்.